கருவியும் கல்வியும்

முற்காலத்தில் கல்வியை விரும்பியவர் ஆசிரியரைத் தேடிச் சென்றனர். ஊர் விட்டு ஊர் சென்று, ஆசிரியர் இருக்கும் இடத்திலேயே தங்கி, அவர் வாய்மொழியைக் கேட்டுப் பயின்றனர். உ. வே. சாமிநாதையர் 1871ஆம் ஆண்டில் மாயூரம் சென்று, மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையை அடைந்து தமிழ் கற்ற வரலாறு பலரும் அறிந்ததாகும். நல்லாசிரியர் ஒரு சிலரே. அவரை நாடுவோர் மிகப் பலர். ஆதலின், செல்ல இயன்றவர் கற்றனர். இயலாதவர் ஏங்கி நின்றனர். இக்குறையைப் பெரிதும் போக்கவல்ல கருவிகளாகக் கணினியும் இணையமும் இக்காலத்தே அமைந்துள்ளன. உயர்கல்விக்கு அவை எவ்வாறு துணைபுரிகின்றன, அத்துணையின் எல்லை யாது என்பவற்றை மாணவர் தெளிதல் வேண்டும்.

நம் நாட்டில் பொறியியற் கல்லூரிகள் விரைந்து பெருகிய காலத்தில், அவற்றிற்கு வேண்டிய அளவு தேர்ந்த ஆசிரியர் கிடைத்திலர். சென்னை, மும்பை, தில்லி, கான்பூர், கரக்பூர், குவாகாத்தி, ரூர்க்கி ஆகிய ஏழு நகரங்களின் இந்தியத் தொழில்நுட்பக் கழகங்களிலும், பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்திலும் புலமை மிக்க பேராசிரியர் பலர் இருந்தனர். ஆயின், அங்கு இடம்பெற்ற மாணவர் மிகச் சிலரே. அப்பேராசிரியர்தம் விரிவுரைகளை நாட்டிலுள்ள மாணவர் அனைவரும் கேட்குமாறு செய்தல் வேண்டும் என்னும் நோக்குடன், இவ்வெட்டு நிறுவனங்களும் 2003ஆம் ஆண்டில் ஒரு திட்டத்தைத் தொடங்கின. நடுவண் அரசு அதற்குப் பொருளுதவி புரிந்தது. என்.பி.டி.இ.எல். என வழங்கும் அத்திட்டத்தில், கட்டுமானம், கணினி, மின்னியல், மின்னணுவியல், எந்திரவியல் ஆகிய ஐந்து துறைகளின் பாடங்கள் முதற்கண் உருவாயின. ஒரு வகுப்பறைக்குள் ஒலித்த உரையைச் சிற்றூர்க் கல்லூரி மாணவனும் கட்டணமின்றிக் கேட்கலானான். விளங்காத இடத்தில் நிறுத்தலாம். வேண்டிய மட்டும் மீண்டும் கேட்கலாம். ஓய்வு கிடைக்கும் இரவு வேளையிலும் கற்கலாம்.

கேட்பித்தலோடு அத்திட்டம் நின்றுவிடவில்லை. 2014ஆம் ஆண்டு முதல் சான்றிதழ் வழங்கும் பாடங்களும் நடைபெறலாயின. வாரந்தோறும் விரிவுரையோடு பயிற்சி வினாக்களும் வரும். மாணவர் குறித்த நாளுக்குள் விடை அனுப்புதல் வேண்டும். ஐயங்களை எழுதி வினவவும் வழியுண்டு. பாடம் முடிந்ததும் சான்றிதழ் விழைவோர் தேர்வு மையத்திற்கு நேரில் சென்று, மேற்பார்வையின்கீழ்த் தேர்வு எழுதுவர். நூறு மதிப்பெண்ணில் 25 பயிற்சிக்கும் 75 தேர்வுக்கும் உரியன. பாடத்தைக் கொணர்வது கருவியேயாயினும், கற்றலைச் சோதிக்கும் பொறுப்பு மனிதரிடத்தே உள்ளது.

இத்தனை வாய்ப்பிருந்தும் எல்லாரும் பயன் பெறுகின்றனரா? அமெரிக்காவின் ஆர்வர்டு பல்கலைக்கழகமும் மாசசூசெட்சு தொழில்நுட்பக் கழகமும் இணையவழிப் பாடங்கள் பலவற்றை உலகினர்க்கு வழங்கின. 2017-18ஆம் ஆண்டில் அவற்றில் பெயர் பதிந்தவருள் நூற்றுக்கு 3 பேர் அளவினரே பாடத்தை நிறைவு செய்தனர் என ஆய்வாளர் கணக்கிட்டனர். பார்த்தற்பொருட்டுப் பதிந்தோரும் அவருள் உண்டு. எனினும், பாடம் கைக்கு எட்டுதல் வேறு, கருத்தில் தங்குதல் வேறு என்பதை இக்கணக்கு உணர்த்துகின்றது.

இவ்வேறுபாட்டைத் தமிழ்ச் சான்றோர் முன்னரே கண்டு கூறியுள்ளனர். 13ஆம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூலின் பொதுப்பாயிரம், கல்வி நிறையும் முறையைக் கூறுபடுத்திக் காட்டுகிறது. ஆசிரியர் உரைத்ததை முழுதும் மனங்கொண்டாலும் மாணவன் பெறுவது காற்பங்கே. உடன் கற்பாரோடு பயில்வதால் மற்றொரு காற்பங்கு வந்து சேரும். தான் கற்றதைப் பிறர்க்குச் செவ்வனே எடுத்துரைக்கும்போதுதான் எஞ்சிய அரைப்பங்கும் நிரம்பும். விரிவுரைக் காணொளி எத்துணைச் சிறந்ததாயினும், அது தருவது முதற் காற்பங்கையே. மற்றவை நண்பரோடு கூடிப் பயில்வதாலும் எடுத்துரைப்பதாலும் வருவன.

கேட்டதை மீண்டும் நினைத்தல் வேண்டும் எனவும் அந்நூல் கூறும். இக்கருத்திற்கு இக்கால ஆய்வும் சான்று பகர்கின்றது. ரோடிகர், கார்பிக்கி என்னும் அமெரிக்க உளவியலறிஞர் இருவர் தம் ஆய்வொன்றை 2006ஆம் ஆண்டில் வெளியிட்டனர். மாணவருள் ஒரு சாரார் ஒரு பகுதியைத் திரும்பத் திரும்பப் படித்தனர். மற்றொரு சாரார் படித்தபின் அதனைப் பாராமல் நினைந்து எழுதினர். ஐந்து நிமிடங்களில் வினவியபோது திரும்பப் படித்தவரே முந்தினர். ஒரு வாரம் கழித்து வினவியபோதோ, நினைந்து எழுதியவர் அவரை விஞ்சினர். ஒரே காணொளியைப் பன்முறை பார்ப்பவன் எல்லாம் அறிந்துவிட்டதாக எண்ணுவான். அதனை மூடிவிட்டு எழுதிப் பார்ப்பவனே தன் குறையைக் காண்பான். வினவியதும் விடை எழுதித் தரும் செயற்கை நுண்ணறிவுக் கருவிகளும் இந்நாளில் வந்துள்ளன. தானே முயன்றபின் பிழை காண அவற்றை நாடுபவன் பயன் பெறுவான். முயலாமல் விடையைப் படியெடுப்பவன் கல்லாமலே காலங்கழிப்பான்.

மாணவன் முயற்சியுடையவனாயினும் கருவி கிட்டாவிடின் என் செய்வான்? 2017-18ஆம் ஆண்டின் தேசிய மாதிரி ஆய்வின்படி, இணைய வசதி பெற்றிருந்த குடும்பங்கள் நகர்ப்புறத்தில் நூற்றுக்கு 42. நாட்டுப்புறத்திலோ ஏறத்தாழ 15. 2020ஆம் ஆண்டில் கொரோனா நோயால் கல்லூரிகள் மூடப்பட்டபோது, கருவியில்லாத மாணவர்க்கு வகுப்பே இல்லாது போயிற்று. தொலைவை வெல்ல வந்த கருவியே உள்ளோர்க்கும் இல்லோர்க்கும் இடையே ஒரு மதிலாகிவிடலாகாது. இணையமில்லாதவரும் கற்குமாறு, 2017ஆம் ஆண்டில் நடுவண் அரசு 'சுவயம் பிரபா' என்னும் பெயரால் 32 கல்வித் தொலைக்காட்சி அலைவரிசைகளைச் செயற்கைக்கோள் வழியே தொடங்கியது. கல்லூரி நூலகந்தோறும் மாணவர்க்குக் கணினி இருத்தலும், வழிகாட்ட ஆசிரியர் ஒருவர் இருத்தலும் வேண்டும்.

அன்று மாணவர் நடந்து சென்ற தொலைவை இன்று ஆசிரியர் குரல் நொடியில் கடந்து வருகின்றது. நடக்கும் துன்பம் நீங்கியது. கற்கும் உழைப்பு நீங்கவில்லை. கேட்டதை நினைந்து, நண்பரோடு ஆராய்ந்து, பிறர்க்கு எடுத்துரைக்கும் மாணவனுக்கே கருவி கல்வியாகும். அக்கருவி எவர்க்கும் எட்டுமாறு செய்தல் நாட்டின் கடமை. எட்டியதைத் தனதாக்கிக் கொள்ளுதல் மாணவன் கடமை.