36 சதுர அடியில் ஒரு வீடு

வீடு என்றதும் அஸ்திவாரம்தான் நினைவுக்கு வரும். அஸ்திவாரமே இல்லாத வீடொன்றை 2019-ஆம் ஆண்டில் ஆட்டோவின் மீது அமைத்துக் காட்டினார் நாமக்கல் மாவட்டத்தைச் சேர்ந்த கட்டடக்கலைஞர் அருண் பிரபு. ஆறடிக்கு ஆறடி, சமையல், குளியல், படுக்கை எல்லாம் அதற்குள்ளேயே. செலவு சுமார் ஒரு லட்சம் ரூபாய்.

என் பெற்றோர் கரும்பு வெட்டும் காலத்தில் ஊர் ஊராகச் சென்று கீற்றுக் குடிசையில் தங்குபவர்கள். ஆகவே இதை நான் வேடிக்கைச் செய்தியாகப் படிக்கவில்லை. அவர்களுக்கு உதவுமா என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன்.

முதல் தடை வெப்பம். ஓய்வாக இருக்கும் மனித உடல் ஏறத்தாழ 100 வாட் வெப்பத்தை வெளியிடுகிறது. இருவர் படுத்தால், இரண்டு குண்டு பல்புகளை இரவெல்லாம் எரியவிட்டதற்குச் சமம்! பகலிலோ 36 சதுர அடிக் கூரை மீது விழும் உச்சிவெயில் 3000 வாட்டை நெருங்கும். தகரத்துக்கு வெள்ளைப் பெயிண்ட் அடித்து, நான்கு விரற்கடை இடைவெளி விட்டு மேலே கீற்றுத் தட்டி கட்டினால் நடுவே காற்று ஓடும். சுவரின் அடியில் ஒரு திறப்பும் எதிர்ச்சுவரின் உச்சியில் ஒரு திறப்பும் வேண்டும். சூடான காற்று மேலே வெளியேற, வெளிக்காற்று கீழே நுழையும்.

அடுத்தது நீர். அவ்வீட்டில் 250 லிட்டர் தொட்டி உண்டு. எடை 250 கிலோ. நான்கு ஆட்களுக்குச் சமம். அதை உயரத்தில் வைத்து ஓட்டினால் ஈர்ப்பு மையம் உயர்ந்து, மூன்று சக்கர வண்டி திருப்பத்தில் சாய்ந்துவிடும். தளத்தின் கீழ் வைத்துக் கைப்பம்பு பொருத்துவதே மேல்.

விறகடுப்பை உள்ளே வைக்க அம்மா சம்மதிக்கவில்லை. புகையில் கார்பன் மோனாக்சைடு உண்டு என்பதால் இயற்பியலும் அம்மாவின் பக்கமே. பின்கதவு கீழ்நோக்கித் திறந்து, தகரம் அடித்த அடுப்பு மேடையாக நிற்குமாறு இப்போது வரைந்திருக்கிறேன்.