டீவித் திரையில் கம்ப்யூட்டர்

கேள்வி: முன்பெல்லாம் கம்ப்யூட்டரை வீட்டு டீவியில் பொருத்தித்தான் பார்த்தார்கள் என்று அப்பா சொல்கிறார். அது எப்படி முடிந்தது? யார் தொடங்கியது?
(ஹட்டனிலிருந்து ஒரு மாணவி)

பதில்: அப்பா சொல்வது உண்மைதான். இலங்கையின் ரூபவாஹினி தொலைக்காட்சி 1982 பெப்ரவரி 15இல் ஒளிபரப்பைத் தொடங்கியது. நுவரெலியாவின் பிதுருதலாகலை உச்சியில் நிற்கும் கோபுரம் அதை மலையகத்துக்குக் கொண்டுவந்தது. அதே ஆண்டு ஏப்ரலில் இங்கிலாந்தில் சின்க்ளேயர் ஸ்பெக்ட்ரம் என்ற வீட்டுக் கம்ப்யூட்டர் வெளியானது. ஆரம்ப விலை 125 பவுண். திரை அதில் சேராது. தனித் திரை வாங்க வேண்டுமென்றால் சாதாரணக் குடும்பம் கம்ப்யூட்டர் பக்கமே போயிருக்காது. வீட்டில் ஏற்கெனவே இருந்த டீவிதான் அந்தக் கதவைத் திறந்தது.

செய்முறை எளிது. கம்ப்யூட்டருக்குள் மாடுலேட்டர் என்ற சின்னத் தகரப் பெட்டி இருக்கும். அது படத்தை ஒரு வானொலி அலையில் ஏற்றி வயர் வழியே அனுப்பும். அன்டெனா வயரைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் இதைச் செருகி, யு.எச்.எஃப். 36ஆம் சனலுக்குத் திருப்பினால் போதும். வருவது மலை உச்சிக் கோபுரத்திலிருந்தா, மேசையிலிருந்தா என்று டீவிக்குத் தெரியாது. பின்னாளில் நம் பிள்ளைகள் விளையாடிய டீவி கேம் பெட்டிகள் பலவும் இப்படித்தான் வேலை செய்தன.

ஆனால் எழுத்து மங்கலாகத் தெரியும். அலையில் ஏற்றி இறக்கும்போதே நுண்மை போய்விடும். டீவியும் ஓடும் படத்துக்காகச் செய்யப்பட்டது, வாசிப்பதற்காக அல்ல. அதனால்தான் ஸ்பெக்ட்ரம் ஒரு வரிக்கு 32 எழுத்தோடு நிறுத்திக்கொண்டது. அலுவலக வேலைக்குத் தேவையான 80 எழுத்தை இந்த வழியில் அனுப்பினால் கண் வலிக்கும். தனி மொனிட்டர் வந்ததற்கு இதுவே பெரிய காரணம்.

தொடங்கியவர் என்று ஒருவரை மட்டும் காட்ட முடியாது. வீட்டு டீவியில் விளையாடும் எண்ணத்தை ரால்ஃப் பேயர் 1966இல் எழுதி வைத்தார். 1972இல் அது ஒடிசி என்ற பெயரில் கடைக்கு வந்தது. தட்டச்சு செய்யும் எழுத்தை டீவியில் காட்டும் கருவியின் செய்முறையை டொன் லங்காஸ்டர் 1973 செப்டெம்பரில் ஓர் அமெரிக்க மின்னணு இதழில் வெளியிட்டார். என் கணக்கில் வீட்டுக் கம்ப்யூட்டருக்கு வழிவிட்டவர் அவர்தான்.

உங்கள் வீட்டில் அந்தக் காலத்துக் கம்ப்யூட்டரோ டீவி கேம் பெட்டியோ கிடந்தால், பழைய இரும்புக்குப் போட்டுவிடாதீர்கள். பக்கத்துப் பாடசாலையில் காட்டுங்கள். பழைய டீவியின் பின்மூடியை மட்டும் யாரும் திறக்க வேண்டாம். மின்சாரத்தைத் துண்டித்த பிறகும் உள்ளே உயர் மின்னழுத்தம் தங்கியிருக்கும்.