நெல் ரகங்களில் கோரப்படும் மாற்றங்களும், சில ஏற்கப்படாமைக்குக் காரணங்களும்

விவசாயக் கூட்டங்களில் நெல் ரகங்களைப் பற்றிக் குடியானவர்கள் பல யோசனைகள் கூறுகின்றனர். அவற்றுட் சில மறுக்கப்படும்போது, தம் சொல்லை எவரும் கேட்கவில்லையென அவர்கள் வருந்துவது இயல்பே. ஆகவே மறுப்புக்குரிய காரணங்களை ஈண்டு விளக்குவாம்.

1. வைக்கோல் மிகுதியாக வேண்டுமென்பது. குட்டை ரகங்களை உயரமாக்கினால் மாடுகளுக்குத் தீனி கிடைக்குமென்பர். இக்குறை மெய்யானதே. ஆயினும், உயர்ந்த பழைய ரகங்களில் தரைக்கு மேலுள்ள பயிரின் உலர்ந்த எடையில் நூற்றுக்குச் சுமார் 30 பங்கே தானியம். குட்டை ரகங்களில் சுமார் 50 பங்கு. மேலும், தழைச்சத்து மிகுதியாக இட்டால் உயர்ந்த பயிர் கதிர் முற்றுமுன் சாய்ந்துவிடும். சாய்ந்த கதிர் சேற்றில் படிந்து பதராகும். அறுப்புக் கூலியும் ஏறும். பிலிப்பைன்ஸ் தேசத்தில் 1966-ஆம் வருஷம் வெளியிடப்பட்ட ஐ.ஆர். 8 என்னும் ரகம், தைவான் நாட்டுக் குட்டை நெல்லோடு உயர்ந்த நெல்லைக் கலந்து உண்டாக்கப்பட்டது இக்கேட்டை நீக்கவே. தீனிக் குறைக்குப் பரிகாரம் நெல்லை உயர்த்துவதன்று; சிறிது நிலத்தில் தீவனச்சோளமோ கம்பு நேப்பியர் புல்லோ பயிரிடுவதேயாம்.

2. அறுத்தவுடன் முளைக்கும் விதை வேண்டுமென்பது. குறுவை நெல்லையே உடனே தாளடிக்கு விதைக்கலாமென்பது இதன் கருத்து. ஆனால் குறுவை அறுப்பு மழைக்காலத்தை ஒட்டி வருவது. விதை உறக்கமில்லாத நெல் மழையில் நனைந்தால் கதிரிலேயே முளைத்துவிடும். சில நாள் சௌகரியத்திற்காக முழு வெள்ளாமையையும் பணயம் வைத்தல் தகாது. நன்கு உலர்த்திச் சில வாரம் சேமித்தால் உறக்கம் தானே நீங்கும். தாளடிக்கு முந்திய பருவத்து விதையை எடுத்து வைத்தலே முறை.

3. ஏற்கப்பட்டதொரு கோரிக்கை. வெள்ளத்தில் மூழ்கினும் அழுகாத நெல் வேண்டுமென்று தாழ்ந்த நிலத்தார் நெடுங்காலமாகக் கேட்டு வந்தனர். ஒரிஸ்ஸா நாட்டு நெல்லாகிய எப்.ஆர். 13ஏ இக்குணம் உடையது. சாதாரண நெல் நீருக்குள் நீண்டு வளர்ந்து தன் சேமிப்பைச் செலவழித்து மடியும். இதுவோ வளர்ச்சியை அடக்கி, நீர் வடிந்தபின் மீண்டும் தழைக்கும். இக்குணத்திற்குரிய மரபணு 2006-இல் கண்டறியப்பட்டது. அதனைப் பெற்ற சுவர்ணா சப்-1 ரகம் 2009-இல் இந்தியாவில் வெளியாயிற்று. அது சுமார் இரண்டு வாரம் மூழ்கியிருப்பினும் பிழைக்கும். வெள்ளமில்லா வருஷத்தில் மகசூல் குறையாமையே இக்கோரிக்கை நிறைவேறியதற்குக் காரணம்.

ஆகவே, யோசனை கூறுவோர் பரிகாரத்தை மட்டும் கூறாது, கஷ்டத்தையே விவரமாக எழுதுதல் நலம். நிலத்தின் தன்மை, பட்டம், ரகம், நஷ்டம் நேர்ந்த நாள், நீர் நின்ற அளவு ஆகியவற்றைக் குறித்தனுப்புக. கேட்ட பரிகாரம் மறுக்கப்படினும், அக்கஷ்டத்திற்கு வேறு வழி காண இவ்விவரம் உதவும். எழுதும் பழக்கமில்லாதவர்களுக்குக் கிராம அதிகாரிகள் இதில் துணை புரிவாராக.