பின்லேடன் சாகவில்லை என்றவர்களும் சிரித்தவர்களும்

நம்பிக்கை: 2011 மே 2 அன்று பாகிஸ்தானின் அபோட்டாபாத்துக்கு ஹெலிகாப்டரில் வந்த அமெரிக்கப் படை கொன்றது அல்காய்தா தலைவர் பின்லேடனையே அல்ல. உடலைக் காட்டாமல் கடலில் போட்டார்களே!

உண்மை: சந்தேகத்துக்குத் தீனி போட்டது அமெரிக்காதான். சில மணி நேரத்தில் கார்ல் வின்சன் போர்க்கப்பலிலிருந்து உடலை அரபிக் கடலில் இறக்கிவிட்டார்கள். படத்தை வெளியிட ஒபாமா மறுத்தார். இஸ்லாமிய முறைப்படிதான் செய்தோம் என்ற விளக்கத்தை கெய்ரோவின் அல் அஸ்ஹர் தலைமை இமாம் ஏற்கவில்லை. டிஎன்ஏ சோதனை பற்றிய பேச்சும் பலர் காதில் ஏறவில்லை. போகட்டும். மே 6 அன்று அல்காய்தாவே தலைவர் இறந்ததை ஒப்புக்கொண்டு, பழிவாங்குவோம் என்று அறிக்கை விட்டது. உயிரோடிருக்கும் தலைவரைச் செத்துவிட்டார் என்று சொல்லி எதிரிக்கு மாலை போட அவர்களுக்கு என்ன தலையெழுத்து?

நம்பிக்கை: டிவியில் காட்டிய ரத்த முகம் அசல்.

உண்மை: ஒட்டுவேலை. பின்லேடனின் பழைய படத்திலிருந்து தாடி, வேறொரு பிணத்திலிருந்து முகம். தாக்குதலுக்கு முன்பே இணையத்தில் சுற்றிக்கொண்டிருந்த படம் அது.

நம்பிக்கை: அவர் 2001-லேயே சிறுநீரகம் பழுதாகி இறந்துவிட்டார்.

உண்மை: இதற்கு வலுக்கொடுத்தவர்கள் சாமானியர்கள் அல்ல. 2002 ஜனவரியில் அன்றைய பாகிஸ்தான் அதிபர் முஷாரப் அப்படித்தான் யூகித்தார். 2007-ல் ஒரு பேட்டியில் பாகிஸ்தான் முன்னாள் பிரதமர் பெனசிர் புட்டோ, பின்லேடனைக் கொன்றவர் என்று ஒருவரைப் போகிற போக்கில் குறிப்பிட்டார். பெயர் மாறி வாய் தவறியது என்றே பலரும் எடுத்துக்கொண்டார்கள். ஆனால் 2004 அக்டோபர் வீடியோவில் பின்லேடன் புஷ், கெர்ரி இருவர் பெயரையும் சொல்லி அமெரிக்கத் தேர்தலைப் பற்றிப் பேசினார். செத்தவருக்கு வேட்பாளர் பட்டியலை யார் கொடுத்தது?

நம்பிக்கை: தடுப்பூசி போட வருகிறவர்கள் அமெரிக்க உளவாளிகள்.

உண்மை: இங்கேதான் தொண்டை அடைக்கிறது. பின்லேடன் குடும்பத்தின் டிஎன்ஏ கிடைக்குமா என்று பார்க்க, ஒரு பாகிஸ்தான் மருத்துவரைக் கொண்டு அபோட்டாபாத்தில் மஞ்சள் காமாலைத் தடுப்பூசி முகாம் என்ற பெயரில் சிஐஏ நாடகம் நடத்தியது நிஜம். விலை கொடுத்தது வேறு ஆட்கள்: 2012-லிருந்து போலியோ சொட்டு மருந்து கொடுக்கப் போன பெண்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். இனித் தடுப்பூசித் திட்டங்களை உளவுக்குப் பயன்படுத்த மாட்டோம் என்று வெள்ளை மாளிகை சொன்னது 2014-ல்தான். பின்லேடன் ஆயுதத்தோடு எதிர்த்தார், மனைவியைக் கேடயமாக்கினார் என்று முதலில் சொல்லிவிட்டு, மறுநாளே அப்படியில்லை என்று மாற்றிக்கொண்டதும் இதே வெள்ளை மாளிகைதான். சந்தேகப்பட இவ்வளவு இருக்க, ஆள் செத்தாரா இல்லையா என்றே சுற்றிச் சுற்றி வந்தார்கள்.

நம்பிக்கை: இந்தச் சாவை வைத்துச் சிரித்தவர்கள் பொறுப்பற்றவர்கள்.

உண்மை: என் ஓட்டு சிரித்தவர்களுக்கே. அந்த வாரம் பாகிஸ்தானியர்களின் கைபேசிகளில் ஓர் எஸ்எம்எஸ் பறந்தது: ராணுவத்தின் பழைய ராடார் விற்பனைக்கு, அமெரிக்க ஹெலிகாப்டர் அதில் தெரியாது, ஸ்டார் பிளஸ் சேனல் நன்றாகத் தெரியும். ‘ஹாரன் அடிக்காதீர், ராணுவம் தூங்குகிறது’ என்று இன்னொன்று. சிரித்தவர்கள் கேட்டதுதான் சரியான கேள்வி: காகுல் ராணுவ அகாடமிக்குக் கூப்பிடு தூரத்தில், ஆளுயரத்தைப் போல இரண்டு மூன்று மடங்கு மதிலுக்குள், உலகமே தேடிய ஆள் ஆண்டுக்கணக்கில் எப்படிக் குடியிருந்தார்?

பாகிஸ்தானே அமைத்த விசாரணைக் குழுவின் அறிக்கை 2013-ல் கசிந்தபோது எஸ்எம்எஸ்காரர்கள் நகைச்சுவையில் தோற்றுப்போனார்கள். வானத்திலிருந்து யாரும் அடையாளம் கண்டுவிடக் கூடாதென்று பின்லேடன் முற்றத்தில் கௌபாய் தொப்பி போட்டுக்கொண்டு நடப்பாராம். அதற்கு முன் சுவாத் பக்கம் இருந்த நாட்களில், வேகமாகப் போனதற்காக அவர் இருந்த காரை ஒரு போலீஸ்காரர் நிறுத்தியிருக்கிறார். கூட இருந்தவர் பேசிச் சரிக்கட்ட, கார் கிளம்பிவிட்டது.