தீப்புண்ணும் இரத்தவோட்டமும்

வானம் பார்த்த கரிசல் நிலமாகிய நம் வட்டாரத்தில், அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழில் கற்றுத் திரும்பிய 1923ஆம் ஆண்டளவு முதல், சிவகாசிக்கு நெருப்பே சோறிடுவதாயிற்று. சோறிடும் அந்நெருப்பு உயிர்ப்பலியும் கொள்கின்றது. 2012 செப்டம்பர் 5ஆம் நாள் முதலிப்பட்டி வெடிவிபத்தில் மாண்டோர் 38 பேருக்குக் குறையார். எரிந்தது தோலாக இருக்க, நினைவோடு பேசியவரும் சின்னாளில் மாள்வதேன்? விடை இரத்தவோட்டத்தில் உள்ளது.

நுரையீரலிற் பெற்ற பிராணவாயுவைத் திசுக்கள்தோறும் சேர்ப்பது இரத்தத்தின் தலையாய தொழில். செவ்வணுக்களிலுள்ள ஹீமோகுளோபின் அதனைச் சுமக்கின்றது. தீ இப்பணியை மூவகையாற் கெடுக்கும்.

முதலாவது புகை. மூடிய அறையில் எழும் கார்பன் மோனாக்சைடு, பிராணவாயுவினும் 200 மடங்குக்கு மேற்பட்ட பற்றோடு ஹீமோகுளோபினைப் பிடித்துக்கொள்ளும். வண்டி ஓடும்; ஏற்ற வேண்டிய சரக்கு ஏறாது.

இரண்டாவது கசிவு. பெருந்தீப்புண்ணில் நுண்குழாய்ச் சுவர்கள் தளர்ந்து, பிளாஸ்மா என்னும் இரத்தநீர் வெளியேறித் திசுக்களில் தேங்கும். எஞ்சிய இரத்தம் அளவிற் குறைந்து குழம்பெனத் தடிக்கும். சிறுநீரகம் முதலிய உறுப்புகள் வாடும்.

மூன்றாவது இறுக்கம். கையைச் சுற்றி வெந்த தோல் வார்போல் விறைக்க, உள்ளே வீக்கம் பெருக, விரல்களுக்கு இரத்தம் எட்டாது. மருத்துவர் அத்தோலைக் கீறி வழிவிடுவர். மோதிரமும் வளையலும் உடனே கழற்றப்படுவது இதன்பொருட்டே.

கசிவை ஈடுசெய்ய இரத்தக்குழாய் வழியே உப்புநீர் ஏற்றுவர். 1960களில் அமெரிக்க மருத்துவர் சார்லஸ் பாக்ஸ்டர் வகுத்த கணக்கு எளியது: எடை, எரிந்த விழுக்காடு, 4 மில்லிலிட்டர் ஆகியவற்றைப் பெருக்குக. 50 கிலோ எடையுள்ளவர்க்கு 40 விழுக்காடு எரிந்திருப்பின் 24 மணி நேரத்திற்கு 8 லிட்டர் வேண்டும். அதிற் பாதி முதல் 8 மணி நேரத்திற்குள் ஏற வேண்டும். இது தொடக்கக் கணக்கே. சிறுநீரின் அளவு நோக்கி மருத்துவர் கூட்டுவர், குறைப்பர்.

இவ்வெட்டு மணி எண்ணப்படுவது மருத்துவமனை வாயிலினின்றன்று, தீப்பட்ட நொடியினின்று. சிவகாசியிலிருந்து மதுரை ஏறக்குறைய 70 கிலோமீட்டர். வண்டி தேடுவதிற் கழியும் ஒவ்வொரு நாழிகையும் அவ்வெட்டினின்று கழிவதாம்.

நம் மாவட்டத்தில் மருந்துக் கலவை அறைகளில் உழைக்கும் அன்னையரும் தந்தையரும் பலர். ஆதலின் கற்றோராகிய நாம் இச்சிறு முறையை இல்லந்தோறும் உரைப்போமாக: தீப்பட்டவரை ஆபத்தினின்று அகற்றுக, 108ஐ அழைக்க ஒருவரை ஏவுக, புண்மேல் 20 நிமிடம் குளிர்ந்த ஓடுநீர் விடுக, மையும் மாவும் பூசற்க, தூய துணியால் மூடுக, தாமதமின்றி அனுப்புக.