மடியில் குழந்தை, கையில் பாடநூல்

ஜொகூர் மாநிலத்தின் குளுவாங் மாவட்டத்தைச் சேர்ந்தது ரெங்கம். இரயில் நிலையமும் கடைத்தெருவும் நடுவே இருக்க, சுற்றிலும் தோட்டங்கள். இன்று பெரும் பரப்பைச் செம்பனை பிடித்துக்கொண்டது எனினும், பால்மரம் வகுத்த நேரக் கணக்கு நம் குடும்பங்களை விட்டு இன்னும் அகலவில்லை. விடியுமுன் எழுந்து, பெரட்டுக்குச் சென்று, நிரை முழுதும் பால் வெட்டி, மங்குகளில் சேர்ந்த பாலை எடுத்து நிறுத்துக் கொடுத்துவிட்டுத் தாய் வீடு திரும்பும்போது நண்பகல் கடந்துவிடுகிறது. ஏறக்குறைய அதே வேளையில் பள்ளியிலிருந்து மூத்த பிள்ளையும் வந்து சேர்கிறது. சமையல், துணி துவைத்தல், கைக்குழந்தையின் அழுகை ஆகிய மூன்றும் ஒன்றுகூடும் அந்தப் பிற்பகலில், “தம்பியைக் கொஞ்சம் தூக்கிக்கொள் அம்மா” என்ற ஒரு சொல்லில் மூத்தவளின் பாடம் முடிந்துவிடுகிறது.

மூத்தவள் என்று நாம் குறிப்பிட்டது காரணத்தோடுதான். தோட்டப்புறத்தில் முன்னொரு காலத்தில் பெண் பிள்ளைகள் பலர் படிப்பை இடையில் விட்டது, தம்பி தங்கையரைப் பார்த்துக்கொள்வதற்காகவே. இன்று சட்டம் அதற்கு இடம் தருவதில்லை. 2003ஆம் ஆண்டு முதல் நம் நாட்டில் ஆறாண்டுத் தொடக்கக் கல்வி கட்டாயமாகும். பிள்ளையைப் பள்ளியில் சேர்க்கத் தவறும் பெற்றோருக்கு 5,000 ரிங்கிட் வரை அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். ஆகவே, வீட்டுப் பாடம் என்று நாம் இங்குக் கூறுவது பள்ளிக்கு மாற்றான ஒன்றையன்று. பள்ளி முடிந்த பிற்பகலிலும் விடுமுறை நாளிலும் பள்ளிக்குத் துணையாக நடைபெறும் பாடத்தையே ஆகும்.

பள்ளிகளே மூடப்பட்டு, வீடுதான் வகுப்பறை என்னும் நிலையும் நமக்கு நேர்ந்ததுண்டு. 2020 மார்ச் 18ஆம் நாள் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்புக்கு வந்தது. அவ்வாண்டிலும் 2021லும் பல மாதங்கள் பிள்ளைகள் இல்லிருப்புக் கற்றலில் இருந்தனர். 2021 பிப்ரவரி 17ஆம் நாள் கல்வி அமைச்சின் தனித் தொலைக்காட்சி அலைவரிசையும் தொடங்கப்பட்டது. ஆயினும் ஒரு வீட்டில் ஒரே கைப்பேசி. அதற்கு மூன்று பிள்ளைகள். மடியில் ஒரு குழந்தை. அந்நாள்களில் தாய்மார்கள் பட்ட பாட்டை நாம் விரித்துரைக்க வேண்டுவதில்லை. பெரிய பிள்ளைக்குப் பாடம் நடத்துவதும் சிறு குழந்தையைப் பேணுவதும் ஒன்றுக்கொன்று பகையா என்ற கேள்வி அப்போது பலர் உள்ளத்திலும் எழுந்திருக்கும்.

பகையாக வேண்டுவதில்லை என்பதற்குத் தமிழகத்திலேயே ஒரு பழைய சான்று உண்டு. 1789ஆம் ஆண்டில், சென்னை எழும்பூரில் படைவீரர்களின் ஆதரவற்ற ஆண் பிள்ளைகளுக்கான விடுதிக்கு ஆண்ட்ரூ பெல் என்னும் ஸ்காட்லாந்துப் பாதிரியார் பொறுப்பேற்றார். உள்ளூர்ப் பள்ளியொன்றில் சிறுவர்கள் மணலைப் பரப்பி விரலால் எழுதிப் பழகுவதை அவர் கண்டார். அம்முறையை விடுதியிலும் நடத்துமாறு கூறியபோது, அங்கிருந்த ஆசிரியர்கள் அது இயலாது என்றனர். பெல் அவர்களோடு வாதாடவில்லை; எட்டு வயதுச் சிறுவன் ஒருவனை அழைத்து, அரிச்சுவடி வகுப்பை அவனிடமே ஒப்படைத்தார். சிறுவன் நடத்திக் காட்டினான். கற்றவன் கல்லாதவனுக்குச் சொல்லித்தரும் இவ்வேற்பாட்டைப் பெல் 1797ல் இலண்டனில் நூலாக வெளியிட, ‘மதராஸ் முறை’ என்ற பெயரால் அது பிரிட்டனெங்கும் பரவியது. ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் நகரில் அவர் விட்டுச்சென்ற பொருளால் எழுந்த பள்ளி, இன்றும் மதராஸ் என்ற பெயரையே தாங்கி நிற்கிறது. நம் திண்ணைப் பள்ளிகளில் சட்டாம்பிள்ளை செய்துவந்த வேலைதான் இது. வெள்ளைக்காரர் நூலெழுதிய பின்னரே நமக்கு அதன் அருமை தெரிகிறது என்பது வேறு செய்தி!

இம்முறையில் ஒரு குறையும் இருந்தது. சம்பளமின்றிக் கிடைத்த ஆசிரியராகப் பெரிய மாணவர்களைப் பயன்படுத்திக்கொண்டு, அவர்களின் சொந்தப் படிப்பைக் கவனியாது விடுவது எளிதாயிற்று. வீட்டிலும் நாம் அஞ்ச வேண்டியது இதுவே. மூத்தவள் தம்பிக்கு ஆசிரியையாக இருக்கலாம், ஆயாவாக ஆகிவிடலாகாது.

நடைமுறையில் இதனை எவ்வாறு செய்வது? குழந்தை உறங்கும் வேளையே முதன்மையானது. அந்த அரைமணி நேரத்தை அடுப்படிக்குக் கொடுத்துவிடாமல், தாயின் முழுக் கவனம் வேண்டப்படும் பாடத்திற்கு, அதாவது புதிய கணக்கிற்கோ விளங்காத பகுதிக்கோ, ஒதுக்கிவிட வேண்டும். பாத்திரம் கழுவுதலைக் குழந்தை விழித்திருக்கும்போதும் செய்யலாம். வகுத்தல் கணக்கை அப்படிச் சொல்லித்தர இயலாது. குழந்தை விழித்த பின் வாய்விட்டுப் படிக்கும் பாடம் நடக்கட்டும். மூத்தவள் மலாய்க் கதையொன்றைத் தம்பிக்கு உரக்கப் படித்துக் காட்டி, பிறகு தமிழில் பொருள் சொல்லட்டும். தாய்க்கு மலாய் எழுத்துத் தெரியாவிடினும், பிள்ளை எங்கே தடுமாறுகிறாள் என்பதைச் செவியே காட்டிக்கொடுத்துவிடும். அவ்விடத்தைப் பென்சிலால் குறித்து மறுநாள் ஆசிரியரிடம் கேட்கச் சொல்லலாம்.

கணக்கிற்கு நம் தொழிலே பாடநூல். தந்தை இன்று நிறுத்துக் கொடுத்த பால் 36 கிலோ. அதில் உலர் ரப்பர் நூற்றுக்கு 30 பங்கு என்றால் எத்தனை கிலோ? விடை 10.8 கிலோ. மழை நாளில் பாலில் நீர் கலந்து பங்கு 25 ஆகக் குறைந்தால்? 9 கிலோ. நூற்றுவிகிதம் எதற்கென்று கேட்கும் பிள்ளைக்கு, வீட்டு வருமானமே அதில் அடங்கியிருப்பது இதனால் விளங்கும். நான்கைந்து வயதுக் குழந்தை அருகில் இருந்தால், ரப்பர் விதைகளைப் பத்துப் பத்தாகக் குவிக்கும் வேலையை அதற்குத் தரலாம். ஒரு சொல் எச்சரிக்கை: பச்சை ரப்பர் விதையில் நஞ்சுண்டு. எதையும் வாயிலிடும் பருவத்துக் குழந்தைகளுக்கு அதனைத் தரலாகாது. அவர்களுக்கு மூடியிட்ட காலி டப்பாவே போதும்.

தந்தையர்க்கும் இதில் பங்குண்டு. பிற்பகலில் அரைமணி நேரம் குழந்தையைத் தோளிலிட்டு வாசலில் நடப்பதால் எவருடைய மதிப்பும் குறைந்துவிடாது. அந்த அரைமணியில் மூத்தவள் ஒரு பக்கம் எழுதி முடித்துவிடுவாள்.

காலை வேளையில் குழந்தையைப் பார்க்க ஆளில்லை என்பதற்காகப் பெரிய பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பாது நிறுத்தும் குடும்பங்கள் ஒன்றை அறிதல் நலம். ஆயாக் கொட்டகை என்பது நிருவாகம் மனமிரங்கித் தருவதன்று. தொழிலாளர் வீடமைப்பு, வசதிகள் பற்றிய 1990ஆம் ஆண்டுச் சட்டத்தில் தோட்டக் குழந்தைக் காப்பகத்திற்கும் இடமுண்டு. தோட்டத்தில் காப்பகம் மூடிக் கிடந்தால், சிறு குழந்தைகளின் எண்ணிக்கையையும் வயதையும் தாய்மார்கள் ஒன்றுசேர்ந்து எழுதி, முதலில் தோட்ட அலுவலகத்தில் கொடுக்கலாம். பயனில்லையெனில் தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கத்தின் வழியாகவோ நேரடியாகவோ தொழிலாளர் இலாகாவுக்குக் கொண்டுசெல்லலாம். அம்மனுவைத் தெளிவான கையெழுத்தில் எழுதித்தர, பள்ளியில் படிக்கும் மூத்த பெண்ணே வீட்டில் இருப்பாள்.