பூந்தமல்லி கோர்ட்டுக்குக் கைதியை அழைத்து வருவது யார்?

கேள்வி: கனடாவில் என் தங்கை மகன் 'ஷெரிப்' வேலைக்குத் தேர்வாகியிருக்கிறான். நீதிமன்றப் பாதுகாப்பும் கைதிகளை அழைத்து வருவதும்தான் வேலையாம். பூந்தமல்லி கோர்ட்டுக்குப் புழல் சிறைக் கைதிகளைக் கொண்டு வரும் போலீஸாரும் அப்படி ஒரு தனிப்படையா? தனிப் பயிற்சி உண்டா?
- வாசகர், அம்பத்தூர்

பதில்: கோர்ட் வாசலில் நின்று கவனித்தவருக்குத்தான் இப்படிக் கேட்கத் தோன்றும். தங்கை மகனுக்கு வாழ்த்துகள்!

கைதிகளோடு வேனில் வரும் போலீஸாரை ஜெயில் வார்டர்கள் என்றே பலரும் நினைக்கிறார்கள். இருவருக்கும் காக்கிச் சட்டை. இருவரும் எழுதுவதும் சீருடைப் பணியாளர் தேர்வு வாரியத்தின் ஒரே தேர்வு. ஆனால் கோர்ட் பயணத்தில் வார்டரின் பொறுப்பு சிறை வாசலோடு சரி. அதற்கு வெளியே கைதிக்குப் பொறுப்பு காவல்துறையின் ஆயுதப்படை. இந்த வேலைக்கு 'வழிக்காவல்' என்று பெயர்: கைதியைக் கூட்டிப்போய், காத்து, திரும்ப ஒப்படைப்பது.

யாருக்கு வாய்தா என்ற பட்டியல் முன்கூட்டியே ஆயுதப்படைக்குப் போகும். வாசலில் வாரண்டைச் சரிபார்த்து, உடல் சோதனை முடித்துப் பெற்றுக்கொண்டால், பிறகு எல்லாம் அந்தக் காவலர் தலையில்தான். கவனக்குறைவால் கைதி தப்பினால் அவருக்கே இரண்டாண்டு வரை சிறை கிடைக்கலாம்.

வேனிலிருந்து இறங்கும்போது காவலர் தம் விரல்களைக் கைதியின் விரல்களோடு இறுகக் கோத்துக்கொள்வதைப் பார்த்திருப்பீர்கள். அதற்கும் காரணம் உண்டு. வழக்கமாகக் கைவிலங்கு போடக்கூடாது என்று உச்ச நீதிமன்றம் 1980இலேயே சொல்லிவிட்டது. 2024இல் வந்த புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம் சில கடுமையான குற்றங்கள், திரும்பத் திரும்பக் குற்றம் செய்பவர்கள், காவலிலிருந்து தப்பியவர்கள் என்று சில நிலைகளில் மட்டும் அதை அனுமதிக்கிறது.

பயிற்சிக்கு வருகிறேன். கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தில் ஷெரிப் வேலைக்கென்றே பயிற்சி நிலையம் இருக்கிறது. இங்கே தனிப்படை கிடையாது. கவாத்து, துப்பாக்கி, சட்டம் என்று எல்லாக் காவலருக்கும் உள்ள அடிப்படைப் பயிற்சிதான். இன்று பந்தோபஸ்து, நாளை வழிக்காவல் என்று டூட்டி மாறும். கைதியின் பதற்றத்தை முகத்தில் படிப்பது, கூட்டத்தில் எந்தப் பக்கம் நிற்பது என்பதெல்லாம் மூத்த ஏட்டையாவைப் பார்த்துக் கற்றுக்கொள்வதே. இது போதாது. ராஜீவ் காந்தி கொலை வழக்கையே விசாரித்துத் தீர்ப்பளித்த பூந்தமல்லி போன்ற இடத்துக்குத் தனிப் பயிற்சி பெற்ற அணி வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

கோர்ட்டுக்கு வரும் உறவினர்களுக்கு ஒரு வேண்டுகோள்: வேனைச் சூழ்ந்துகொண்டு பொட்டலம் நீட்டாதீர்கள். பேச வேண்டுமானால் வக்கீல் மூலம் நீதிபதியிடம் அனுமதி கேளுங்கள்.